முதல் வேலை: மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள்

தொடங்கியவர்:

"புதிய பட்டதாரிகள் விண்ணப்பிக்கலாம், இரண்டு ஆண்டு அனுபவம் அவசியம்." படித்து முடித்து வேலை தேடிய எல்லோரும் இப்படி ஒரு விளம்பரத்தையாவது பார்த்திருப்பீர்கள். இதை எழுதும் மகானை நேரில் பார்க்க வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. கிடைத்தவர் வேறு மாதிரி.

நான் படித்தது புள்ளியியல். இணையத்தில் அனுப்பிய விண்ணப்பங்கள் எல்லாம் கிணற்றில் போட்ட கல். கடைசியில் தகவல் சொன்னவர் எங்கள் துறையின் பழைய மாணவர் ஒருவர். ஒரு கருத்தரங்கில் அறிமுகம், பிறகு எப்போதாவது ஒரு வணக்கம், அவ்வளவுதான் பழக்கம். நெருங்கிய நண்பர்களால் இந்த உதவியைச் செய்திருக்க முடியாது. நான் பார்த்த அதே விளம்பரங்களைத்தான் அவர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இல் எழுதிய கட்டுரை ஒன்று இதைத்தான் பேசுகிறது. தெரிந்தவர் மூலம் வேலை மாறியவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எத்தனை முறை சந்திப்பீர்கள் என்று கேட்டிருக்கிறார். வாரம் இருமுறையாவது சந்திப்பதாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு 17 பேர் அளவில்தான் இருந்தார்கள்.

நேர்முகத் தேர்வு நடத்திய அம்மையார் மதிப்பெண் பட்டியலைத் தொடவே இல்லை. என் ஆய்வேட்டைப் புரட்டி ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். "நூலகப் புத்தகங்கள் எத்தனை நாள் வெளியே இருக்கின்றன என்று கணக்கெடுத்திருக்கிறீர்கள். சராசரியை விட்டுவிட்டு இடைநிலை அளவை ஏன் எடுத்தீர்கள்?"

சில பேராசிரியர்கள் எடுத்த புத்தகத்தை ஆண்டுக்கணக்கில் திருப்புவதில்லை. அவர்களால் சராசரி ஏறி, மாணவர்கள் எல்லோரும் மாதக்கணக்கில் வைத்துக்கொள்வது போலத் தோன்றுகிறது, எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் இடைநிலை அளவு அப்படி ஏறாது என்றேன்.

"அந்தப் பேராசிரியர்களைக் கணக்கிலிருந்தே நீக்கியிருக்கலாமே?"

"நீக்கினால் நூலகருக்கு யாரால் தலைவலி என்பது தெரியாமல் போய்விடும்."

சிரித்துவிட்டார். மீதி நேரமெல்லாம் அந்த அட்டவணையைப் பற்றியே பேச்சு. "உங்கள் பலம் என்ன, பலவீனம் என்ன" என்ற கேள்விக்கு நான் உருப்போட்டு வைத்திருந்த பதில் இன்றுவரை செலவாகவில்லை. உங்களுக்கு வாய்த்தவர்கள் எப்படி?

பதில்:

எனக்கு வாய்த்தவர் தன் கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். பல நிறுவனங்களில் நம் சுயவிவரத்தை முதலில் படிப்பது மென்பொருள்தான் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். என்னுடையது இணையத்தில் எடுத்த மாதிரிப் படிவம். செய்தித்தாள் போல பக்கவாட்டில் இரண்டு பத்தி, மேலே வண்ணப் படம், பெயரும் தொலைபேசி எண்ணும் அந்தப் படத்துக்குள். படத்துக்குள் இருந்ததை மென்பொருள் படிக்கவில்லை. திரையில் பெயர்க் கட்டம் காலி, எண் காலி. "தற்போதைய நிறுவனம்" என்ற இடத்தில் என் பல்கலைக்கழகத்தின் பெயர்! மின்னஞ்சல் முகவரி மட்டும் தப்பிப் பிழைத்திருந்ததால் என்னைக் கூப்பிட முடிந்ததாம். அதன்பின் ஒரே பத்தி, சாதாரணத் தலைப்புகள், கட்டம் கிடையாது, படம் கிடையாது. பார்க்க அழகில்லைதான். முதல் சுற்றில் அழகை ரசிக்க அங்கே ஆள் இல்லையே.

இன்னொரு பதில்:

என் எதிரே இருந்தவர் பாடத்திலிருந்து ஒரு கேள்வியும் கேட்கவில்லை. உட்கார்ந்த சூட்டில் "தேர்வாகிவிட்டீர்கள்" என்று கை குலுக்கினார். அடுத்த வாக்கியம் பயிற்சிக்கு முன்பணம். அதற்கடுத்தது அசல் சான்றிதழ்கள். அவர்கள் ஆள் எடுத்துத் தரும் முகமை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் ஆண்டு உடன்படிக்கை (எண் 181), இத்தகைய தனியார் முகமைகள் வேலை தேடுபவரிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது. விதிவிலக்குகள் உண்டு, ஏற்றுக்கொண்ட நாடுகளைத்தான் அது கட்டுப்படுத்தும். ஆனாலும் பணம் கேட்டாலே எழுந்துவிடலாம் என்பது என் கட்சி. பணி நியமனக் கடிதத்தைக் கொடுங்கள், படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். மாலைக்குள் இடம் போய்விடும் என்றார். போகட்டும் என்று வந்துவிட்டேன்.

தொடங்கியவர்:

அசலுக்குப் பதில் நகல் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தீர்களா?

அதே நண்பர்:

சொன்னேன். அசல்தான் வேண்டும், அது நிறுவன விதி என்றார். அந்த விதியை அச்சடித்துக் கொடுங்கள் என்றேன். அச்சுப்பொறி பழுதாம்.