நிமிர்ந்த இலைக் கோதுமை: ஒளி கசிந்தும் எடை கூடுவது எப்படி?

கேள்வி:
அருகருகே உள்ள இரண்டு பாத்திகளில் இரு கோதுமை ரகங்களை வளர்க்கிறேன். ஒன்றின் இலைகள் நிமிர்ந்து நிற்கின்றன. மற்றதன் இலைகள் பாதியில் வளைந்து தொங்குகின்றன. இலைப்பரப்புக் குறியீடு, அதாவது ஒரு சதுர மீட்டர் நிலத்துக்கு எத்தனை சதுர மீட்டர் இலை என்னும் கணக்கு, இரண்டிலும் ஏறத்தாழ 5. நண்பகலில் குனிந்து பார்த்தால் தொங்கும் இலைகளின் அடியில் மண் இருண்டு கிடக்கிறது. நிமிர்ந்த பயிரின் அடியிலோ ஒளித்திட்டுகள் அசைகின்றன. பயிர் பிடிக்கும் ஒளிக்கு ஏற்பவே உலர் எடை கூடுகிறது என்று பிரிட்டிஷ் அறிவியலாளர் மான்டீத் 1977இல் காட்டினார். ஆயினும், கதிர் வெளிவரும் பருவத்தில் அறுத்து உலர்த்தி நிறுத்தபோது நிமிர்ந்த பயிரே கூடுதல் எடை காட்டியது. ஏன்?

மறுமொழி 1:
முதலில் இழப்பின் அளவைப் பார்த்துவிடுவோம். ஒவ்வோர் இலை அடுக்கும் தன்மேல் விழும் ஒளியில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்வதால் ஒளி மடங்கு மடங்காகக் குறைகிறது என்பதை ஜப்பானியத் தாவரவியலாளர்கள் மொன்சியும் சயேகியும் 1953இல் சமன்பாடாக வகுத்தனர். இலைப்பரப்பு ஒளியை எவ்வளவு வலுவாக மறிக்கிறது என்பதைக் காட்டும் எண்ணான ஒளிமறிப்புக் கெழுவை நிமிர்ந்த இலைக்கு 0.5 என்றும் தொங்கும் இலைக்கு 0.8 என்றும் கொண்டால், குறியீடு 5இல் மண்ணை அடைவது முறையே 8, 2 சதவீதம். கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும் அந்த வேறுபாடு உண்மையில் 6 சதவீதமே.

மறுமொழி 2:
பிடித்த ஒளி எந்த இலைக்குப் போகிறது என்பதில்தான் விடை இருக்கிறது. கோதுமை இலை முழு வெயிலில் பாதியைப் பெறும்போதே ஒளிக்கேற்ப ஒளிச்சேர்க்கை கூடும் வேகம் தளரத் தொடங்கிவிடும். அதற்கு மேல் விழும் ஒளியில் பெரும்பங்கு வெப்பமாகவே வெளியேறுகிறது. சூரியன் உச்சியில் இருக்கும்போது, கிடைமட்டத்திலிருந்து 60 பாகை நிமிர்ந்த இலையின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் படுத்த இலை பெறுவதில் பாதியைத்தான் பெறும். மிச்சம் கீழே இறங்கி, கண்ணாடி இலைக்கு, அதாவது தண்டின் உச்சியிலுள்ள கடைசி இலைக்கு, அடியிலுள்ள இரண்டாம், மூன்றாம் இலைகளைச் சேர்கிறது. அங்கே ஒளி குறைவு என்பதால், கிடைக்கும் ஒவ்வொரு துளியும் முழுப் பலன் தருகிறது. மேலே ஓர் இலை திகட்டி நிற்பதைவிட நான்கு இலைகள் பங்கிட்டு உழைப்பது மேல். நிழலில் விரைவில் மஞ்சளாகிவிடும் கீழ் இலைகளும் இதனால் சற்று நீடிக்கும்.

மறுமொழி 3:
ஆனால் இதை எல்லாப் பருவத்துக்கும் பொருத்திவிடக் கூடாது. குறியீடு 1ஆக இருக்கும் இளம்பயிரில் அதே கெழுக்களின்படி நிமிர்ந்த இலை 39 சதவீதமும் படர்ந்த இலை 55 சதவீதமும் பிடிக்கும். அப்போது திகட்டலைவிட வெற்று மண்ணே பெரிய இழப்பு. குளிர்காலக் கோதுமை தூர் கட்டும் வரை தரையோடு படர்ந்திருந்து, தண்டு நீளும்போது நிமிர்வது எனக்கு மிகப் பொருத்தமான அமைப்பாகத் தோன்றுகிறது. தழைச்சத்து மிகுந்தால் இலை நீண்டு தொய்ந்துவிடும், பயிரும் சாயும். ஆகவே ரகத்தை மட்டும் பார்த்தால் போதாது. இன்னொன்று: தாங்கள் பார்த்தது நண்பகலில். நிமிர்ந்த இலைகளின் ஊடே ஒளி மிகுதியாகக் கசிவது அந்த வேளையில்தான். வெயில் சாய்ந்திருக்கும் காலையிலும் ஒருமுறை பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
இன்று காலை வெயில் சாய்வாக இருந்தபோது பார்த்தேன். நிமிர்ந்த பயிரின் அடியில் இரண்டொரு கீற்றுகளைத் தவிர ஒளித்திட்டு எதுவும் இல்லை. இலைகளின் பக்கவாட்டுப் பரப்பு முழுவதும் வெயில் படிந்திருந்தது. இனி நாளுக்கு மூன்று வேளை அளந்து, இரண்டு பாத்திகளையும் ஒப்பிடுகிறேன்.