பட்டாசு ஆலை விபத்து: "உராய்வு" என்று எழுதி எத்தனை நாள் தப்பிப்பது?

திருத்தங்கல்காரன்: நேற்று ஒருவர் "சிவகாசி விபத்து எல்லாமே வெடிமருந்தில் உராய்வு, தொழிலாளியின் கவனக்குறைவு" என்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. 2021 பிப்ரவரியில் சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து இருபது பேருக்கு மேல் செத்தார்கள். உரிமம் ஒருவர் பெயரில், அறைகள் உள்குத்தகையில் வேறு ஆட்களிடம். இதையும் உராய்வுதான் செய்ததா?

பழைய போர்மேன்: எழுதியது நான்தான். உராய்வு இல்லாமல் மருந்து வெடிக்காது. வேகமாகச் சலித்தால் பொறி பறக்கும். மருந்தைத் தொட்டவனுக்குத் தெரியும்.

திருத்தங்கல்காரன்: மிச்ச மருந்தில் ஈரம் பட்டால் அலுமினியப் பொடி தானாகவே சூடேறும், அதுவும் உராய்வா? சரி, உராய்வு என்றே வைத்துக்கொள்வோம். பொறி விழுந்த அறையோடு தீ நின்றிருக்க வேண்டும். ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்ற விதி எங்கே போனது?

கோவை சேஃப்டி: டொயோட்டாவில் ஐந்து முறை 'ஏன்' என்று கேட்பார்கள். ஏன் பொறி? அவசரமாகச் சலித்தார். ஏன் அவசரம்? எண்ணிக்கைக்குத்தான் கூலி. நீங்கள் இருவரும் முதல் 'ஏன்'னைத் தாண்டவே இல்லை.

பழைய போர்மேன்: தம்பி, டொயோட்டாவில் வெடிமருந்தை மணி மணியாக உருட்டுகிறார்களா? தீபாவளி நெருங்கினால் அறையை விட்டு மரத்தடியில் உட்கார்ந்து செய்கிறோம் என்று ஆட்களே கேட்பார்கள்.

திருத்தங்கல்காரன்: கேட்டால்? மருந்தை எடுத்துக் கொடுத்தது யார்? போர்மேன்தானே! 2012 செப்டம்பர் 5, சிவகாசி பக்கம் முதலிப்பட்டியில் ஆலை வெடித்தது. காப்பாற்ற ஓடிய ஊர்க்காரர்களும் அடுத்த வெடிப்பில் செத்தார்கள். அவர்கள் எந்த மருந்தைச் சலித்தார்கள்? அறையில் எத்தனை பேர் என்று கேட்டால் மட்டும் உங்களுக்கு வாய் வராது. பட்டாசில் பேரியம் நைட்ரேட் என்ற ரசாயனத்துக்குத் தடை வந்தது பற்றிப் பேசியபோதும் முதலாளி பக்கம்தான் நின்றீர்கள்.

பழைய போர்மேன்: அதை ஏன் இங்கே இழுக்கிறாய்? அன்றைக்கு என்னை எடுபிடி என்றாய். மன்னிப்புக் கேட்டாயா?

சாத்தூர் செல்வி: அண்ணே, என் சித்தி பட்டாசு வேலையில்தான் கை வெந்து வீட்டில் இருக்கிறார். கவனக்குறைவு என்று சொல்லாதீர்கள். ஒரே அறையில் ஒன்பது பேர் இருந்தார்களாம்.

பழைய போர்மேன்: சித்திக்காக வருத்தப்படுகிறேன் அம்மா. ஒன்பது பேர் இருந்தாலும், உராய்வு இல்லாமல் வெடித்திருக்காது.

கோவை சேஃப்டி: சார், அது தீப்பிடித்த விதம். காரணம் வேறு.

பழைய போர்மேன்: ஏசி அறையில் உட்கார்ந்து எனக்குப் பாடம் எடுக்காதே.

திருத்தங்கல்காரன்: அவரை விடுங்கள். நாலு பேர் அறையில் ஒன்பது பேரை உட்கார வைத்தது யார்? பெயர் வேண்டாம், பதவியைச் சொல்லுங்கள்.

பழைய போர்மேன்: முதலில் மன்னிப்புக் கேள்.