2014 அக்குவா ஹைபிரிட் எடுக்கிறதா, விட்ஸோட நிக்கிறதா? பற்றரிக் கோடு சடாரெண்டு இறங்குது

வலிகாமம்ஓட்டம்

வணக்கம். 2014 ரொயோட்டா அக்குவா ஒண்டு பார்த்து வைச்சிருக்கிறன். அதே வருட 1000 சிசி விட்ஸும் ஒண்டு கைக்கு வருது. அக்குவா 7 லட்சம் கூட. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டம் வரும்: தினம் சுன்னாகம் – யாழ்ப்பாணம், இடைக்கிடை ஏ9 ஆல கொழும்பு.

அக்குவாவை ஓடிப் பார்க்கேக்க பற்றரி 7 கோடு காட்டினது. ஏசி போட்டபடி மருதனார்மடம் சந்தியில நிக்க, ஒரு நிமிசத்துக்குள்ள 2 கோட்டுக்கு இறங்கி எஞ்சின் தானா ஸ்டார்ட் ஆச்சுது. கொஞ்சத் தூரம் போக திரும்ப 7. எச்சரிக்கை லைட் ஒண்டும் இல்லை. விக்கிறவர் "ஹைபிரிட் எண்டால் அப்பிடித்தான்" எண்டுறார். கராஜில மொடியூல் (பற்றரிக்குள்ள வரிசையா இருக்கிற சின்னப் பற்றரித் துண்டு) மாத்த ஒண்டரை லட்சம், புதுப் பற்றரிக்கு நாலு லட்சம் எண்டு சொல்லிச்சினம். இதுக்குள்ள ஹைபிரிட் எடுக்கிறது பிரயோசனமா?

பழையகராஜ்

தம்பி, அப்பிடி இல்லை. கணக்கைப் பாருங்கோ. அக்குவாவில 20 நிக்கல் மொடியூல், ஒவ்வொண்டும் 7.2 வோல்ற், மொத்தம் 144 வோல்ற், 6.5 ஆம்பியர் மணி. எண்டால் ஒரு கிலோவாற் மணிக்குக் கொஞ்சம் குறைவு. அதிலயும் கணினி 40 – 80 வீதத்துக்கு இடையிலதான் பாவிக்க விடும். ஏசி ஒரு கிலோவாற் இழுத்தாலும் நல்ல பற்றரி 7 கோட்டில இருந்து 2 க்கு இறங்கப் பத்து நிமிசமாவது எடுக்க வேணும். ஒரு நிமிசத்தில இறங்கி அதே வேகத்தில ஏறுதெண்டால் உள்ளுக்க கொள்ளளவு போட்டுது. சின்னப் பாத்திரம் கெதியா நிரம்பும், கெதியா வத்தும், அதுதான் விசயம்.

லைட் எரியேல்லை எண்டதை நம்பாதேங்கோ. கார்க் கணினியில பதிஞ்ச பிழை இலக்கத்தை (கோட்) அழிச்சுப்போட்டும் கொண்டுவந்து காட்டலாம். கார்க் கணினியை வாசிக்கிற ஓபிடி புளூடூத் கருவி ஒண்டு வாங்கி டொக்டர் பிரியஸ் ஆப்பைப் போனில போடுங்கோ. முதல்ல பார்க்க வேண்டியது "கோட் அழிச்ச பிறகு ஓடின தூரம்". அது நூறு கிலோமீட்டருக்குக் கீழ இருந்தால் ஏன் எண்டு கேளுங்கோ. பிறகு 20 நிமிசம் ஓடி பற்றரி சூடானதும், ஒருவர் ஓட்ட மற்றவர் போனைப் பார்க்க வேணும். நிண்ட இடத்தில இருந்து அமத்தி இழுக்கேக்க பிளாக்குகளுக்கிடையில (மொடியூல்களைச் சேர்த்து அளக்கிற தொகுதிகள்) வோல்ற் வித்தியாசம் எவ்வளவு எண்டு பாருங்கோ. 0.3 க்குள்ள நிண்டால் சந்தோசம். 1 வோல்ற்றைத் தாண்டினால் பற்றரி மாத்த வேணுமெண்டு சொல்ற பி0ஏ80 கோட் வாசலில நிக்குது.

ஒண்டு ரெண்டு மொடியூல் மாத்திற வேலையை நான் ஆருக்கும் சொல்றதில்லை. பழைய பதினெட்டோட கொள்ளளவு பொருந்தாத ரெண்டைச் சேர்த்தால் அடுத்த நலிஞ்சது சில மாதத்தில விழும். மாத்திறவையும் செப்புப் பட்டியில பச்சை பிடிச்சிருக்கிறதைத் துடைக்காமல் பூட்டுவினம், நட்டை அளவுக்கு மிஞ்சி இறுக்குவினம். பிறகு முனை வெடிச்சு வேற கோட் வரும்.

கணக்குப்பிள்ளை

பற்றரியை ஒருபக்கம் வைத்துவிட்டு எரிபொருளை மட்டும் பார்ப்போம். ஜப்பானிய ஜேசி08 சோதனையில் அக்குவாவுக்கு லீட்டருக்கு 37 கிலோமீட்டர் என்று போட்டிருப்பார்கள். ஏசியோடு நம்மூர் ஓட்டத்துக்கு 20 என்று வையுங்கள். விட்ஸுக்கு 14. பெற்றோல் லீட்டர் 300 ரூபா என்று எடுத்தால் 1,000 கிலோமீட்டருக்கு 50 லீட்டர் எதிர் 71 லீட்டர். மாதம் 6,400 ரூபா மிச்சம், வருடம் 77,000. 7 லட்சத்தை எடுக்க 9 வருடம். நாலு லட்சத்துப் பற்றரியும் சேர்ந்தால் 14 வருடம். விற்கும்போது அந்த 7 லட்சத்தில் ஒரு பகுதி திரும்பும் என்பது உண்மைதான், ஆனால் பற்றரி சோர்ந்த ஹைபிரிட்டுக்கு அதையும் எண்ண முடியாது.

இதுவும் நகர ஓட்டக் கணக்கு. ஹைபிரிட் மிச்சம் பிடிப்பது பிறேக் பிடிக்கும்போது திரும்பக் கிடைக்கும் மின்சாரத்திலும், நிற்கும்போது எஞ்சின் நிற்பதிலும். ஏ9 இல் 70 இல் ஒரே சீராகப் போனால் இரண்டும் இல்லை. வித்தியாசம் அரைவாசியாகச் சுருங்கும்.

மாதம் 2,500 கிலோமீட்டர் நகருக்குள் ஓடுபவர் என்றால் நான் மாற்றிச் சொல்வேன். அவருக்கு வருடம் 1.9 லட்சம் மிச்சம், நாலு வருடத்துக்குள் விலை வித்தியாசம் எடுபடும், புதுப் பற்றரி போட்டாலும் ஆறு வருடத்துக்குள் கட்டும்.

கரவெட்டிவயர்

பழையகராஜ் அண்ணை சொன்னதோட இன்னும் சில. பின் சீற்றுக்குக் கீழதான் பற்றரி. அதைக் குளிராக்கிற விசிறி காருக்குள்ள இருக்கிற காற்றைத்தான் இழுக்குது. இஞ்ச சீற் கவர் போடுறவை அந்தக் காற்று வாயை மூடி விடுவினம், இல்லாட்டி சாமான் பையை அதுக்கு முன்னால வைப்பினம். எங்கட செம்மண் புழுதி விசிறி இதழில படிஞ்சால் காற்று வராது, நடு மொடியூல்கள் கூடச் சூடாகி முதல்ல சாகும். விசிறியைக் கழட்டி, காய்ஞ்ச தூரிகையால இதழ் இதழாத் துடைக்க வேணும். வருடம் ஒருக்கால் போதும். கழட்ட முதல் செம்மஞ்சள் சேவிஸ் பிளக்கை எடுத்து, 10 நிமிசம் பொறுங்கோ, இன்வேட்டர் கப்பாசிற்றர் வடியிறதுக்கு. உயர் மின்னழுத்தக் கையுறை இல்லாமல் செம்மஞ்சள் வயர் ஒண்டையும் தொடாதேங்கோ.

ஏசியில காஸ் அடிச்சிருக்கோ எண்டும் கேளுங்கோ. கொம்பிரசர் உயர் மின்னழுத்த மோட்டர், அதுக்கு என்டி-11 எண்ணெய் மட்டும்தான். சாதாரண பிஏஜி எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தும். உள்ளுக்க போனால் மின்காப்பு குறைஞ்சு பி0ஏஏ6 எண்ட பிழைக் கோட் வரும், காரில ஓட ஆயத்தமெண்ட ரெடி லைட்டே வராது. பற்றரி செத்துப்போச்செண்டு வித்துப்போட்டுப் போன கார்களில இப்பிடி எண்ணெய் மாறினதும் இருக்கு.

பின்னுக்க இருக்கிற 12 வோல்ற் பற்றரியும் பார்க்க வேணும். இரவு நிண்ட காரில 12.4 க்குக் கீழ இருந்தால் சம்பந்தமில்லாத லைட்டெல்லாம் எரியும். அதுக்கு மூடின ஏஜிஎம் வகை, வாயுக் குழாயோட. மலிவுக்குத் திறந்த வகை போட்டால் வாயு காருக்குள்ளதான் வரும்.

மட்டுநகர்

இதுக்கு மாற்றா ஹொண்டா ஃபிட் ஜிபி5 எண்டு ஆரும் சொல்லுவினம். லித்தியம் பற்றரி, இழுவை நல்லம், ஆனால் ஏழு கியர் இரட்டைக் கிளச் பெட்டி. அதுக்காகவே 2013, 2014 இல ஜப்பானில பலமுறை திருப்பி அழைச்சவை. கியர்ப் பெட்டி தெரிஞ்ச ஆள் பக்கத்தில இல்லாட்டித் தொட வேண்டாம்.

வலிகாமம்ஓட்டம்

எல்லாருக்கும் நன்றி. கருவி போட்டுப் பார்த்தன். நிக்கேக்க வித்தியாசம் 0.2. அமத்தி இழுக்கேக்க ஒரு பிளாக் மட்டும் 1.6 விழுது. கோட் அழிச்ச பிறகு ஓடின தூரம் 38 கிலோமீட்டர். விசிறி சாம்பல் நிறத்தில பஞ்சு மாதிரி. ரெண்டு லட்சம் குறைக்கிறாராம், எடுக்கட்டோ?

பழையகராஜ்

38 கிலோமீட்டர் எண்டால் உங்களுக்குக் காட்ட முதல் அழிச்சிருக்கு. ரெண்டு லட்சம் காணாது. புதுப் பற்றரியின்ர முழு விலையும் கூலியும் குறைச்சால் மட்டும் எடுங்கோ. "மொடியூல் மாத்தித் தாறன், ஆறு மாதம் உத்தரவாதம்" எண்டால் ஏற்காதேங்கோ.

உங்கட ஓட்டத்துக்கு நான் விட்ஸ் பக்கம். அதில பார்க்க வேண்டியது சிவிடி (பெல்ற்றில ஓடுற ஓட்டோ கியர்ப் பெட்டி) எண்ணெய். ரொயோட்டா எஃப்ஈ வகைதான் விட வேணும். சாதாரண ஓட்டோ கியர் எண்ணெய் (ஏடிஎஃப்) விட்ட கியர்ப் பெட்டி சூடான பிறகு 40 – 60 வேகத்தில நடுங்கும், அதால அரை மணித்தியாலம் ஓடிப்போட்டு அந்த வேகத்தில மெல்ல அமத்திப் பாருங்கோ.