டைமிங் பெல்ட்: தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு,

தொழிற்பயிற்சி நிலைய மோட்டார் வாகனப் பிரிவு மாணவர்களுக்கான பராமரிப்புக் கையேட்டின் தமிழாக்கத்தை வெள்ளிக்கிழமைக்குள் அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். ‘டைமிங் பெல்ட்டை அறுவதற்கு முன்பே மாற்றுக’ என்னும் பகுதியில் நிற்கிறேன். வணரித்தண்டு (கிராங்க் ஷாஃப்ட்) இருமுறை சுற்றும்போது, வால்வுகளைத் திறக்கும் நெம்புருள்தண்டு (கேம் ஷாஃப்ட்) ஒருமுறை மட்டுமே சுற்றும்படி இரண்டையும் பிணைக்கும், பற்கள் கொண்ட ரப்பர் பட்டை அது. ‘காலப்பட்டை’ என்று எழுதியிருக்கிறேன், மனம் ஒப்பவில்லை.

———

ஐயா,

‘காலப்பட்டை’ வேண்டா. அந்தப் பட்டை காலத்தை அளப்பதில்லை. பிஸ்டன் மேலேறும்போது வால்வு வழிவிட்டிருக்க வேண்டும் என்னும் ஒத்திசைவைக் காக்கிறது. ‘ஒத்தியங்கு வார்’ என்பது என் பரிந்துரை. ‘வார்தல் போகல் ஒழுகல் மூன்றும் நேர்பும் நெடுமையும் செய்யும் பொருள’ என்பது தொல்காப்பிய உரியியல்; ‘வார்’ நேராக நீள்வதைக் குறிக்கும். புறநானூறு 50இல் மோசிகீரனார் முரசை ‘மாசற விசித்த வார்புறு வள்பின்’ என்கிறார். விசித்து, அதாவது இழுத்து இறுக்கிக் கட்டியதே வார்; அந்த விசி தளர்ந்தால் முரசின் ஒலி கெடும், எஞ்சினில் பட்டை பல் தாண்டிவிடும். இத்தனை பொருத்தமான சொல் கையில் இருக்க, மரத்தோலுக்கும் மசாலாவுக்கும் வழங்கும் ‘பட்டை’ எதற்கு?

———

அன்புடையீர்,

பல் இருப்பதுதான் மாணவன் கண்ணுக்குத் தெரியும் அடையாளம் என்பதால் ‘பல்வார்’ எனலாமா என்று எண்ணினேன். ஆனால் அது ‘பல வார்கள்’ என்றும் பொருள்படும். ‘பற்பட்டை’ என்று புணர்த்தால் அந்தக் குழப்பம் இல்லை.

———

நண்பர்களே,

பட்டறையில் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: சொல்லின் அழகைவிட, அது எந்தப் பெல்ட்டைக் குறிக்கிறது என்பது உடனே விளங்க வேண்டும். பானெட்டைத் திறந்தால் கண்ணில் படுவது ஃபேன் பெல்ட். டைமிங் பெல்ட்டோ பெரும்பாலும் மூடிக்குள் மறைந்திருக்கும். வெறுமனே ‘பட்டையைச் சோதிக்க’ என்று எழுதினால், மாணவன் வெளியே இருப்பதைத் தடவிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று குறித்துவிடுவான். சில எஞ்சின்களில் இந்தப் பெல்ட்டுக்குப் பதிலாக இருக்கும் செயின் தேய்ந்தால் பெரும்பாலும் சடசடவென்று ஒலி எழுப்பி எச்சரிக்கும். பெல்ட் பல சமயங்களில் எந்த அறிகுறியும் காட்டாமல் அறுந்துவிடும். அப்போது நெம்புருள் நின்றுவிட, திறந்தபடி நிற்கும் வால்வில் பிஸ்டன் மோதி வால்வு வளைந்துபோகும். எல்லா எஞ்சினிலும் இப்படி நேராது என்றாலும், நேரும் எஞ்சின்கள் ஏராளம். பெல்ட்டின் விலை எங்கே, எஞ்சின் தலையைக் கழற்றிச் செய்யும் வேலையின் செலவு எங்கே!

ஆகவே கெடுவைத் தெளிவாக எழுதுங்கள். பல மாடல்களுக்கு 60,000 முதல் 1,00,000 கி.மீ. வரை ஏதோ ஓர் அளவும், அதனுடன் ஆண்டுக் கணக்கும் நிறுவனக் கையேட்டில் இருக்கும். இரண்டில் எது முந்துகிறதோ அப்போது மாற்ற வேண்டும், ஏனெனில் ஓடாமல் நிற்கும் வண்டியிலும் ரப்பர் மூப்படையும். பெல்ட்டை இறுக்கமாக வைத்திருக்கும் டென்ஷனரையும், அதே பெல்ட்டில் ஓடுவதாக இருந்தால் வாட்டர் பம்பையும், கூடவே மாற்றுவது நல்லது. இவ்வளவையும் படிக்கப்போகிறவனுக்குத் தெரிந்த பெயர் ‘டைமிங் பெல்ட்’ ஒன்றுதான்.

———

அனைவருக்கும் நன்றி. ஃபேன் பெல்ட் குழப்பம் என்னை உலுக்கிவிட்டது. ‘ஒத்தியங்கு பட்டை’ என்று வைத்து, வினைத்தொகையாதலால் ஒற்று மிகாமல் எழுதி, எச்சரிக்கைப் பெட்டிகளில் மட்டும் ‘டைமிங் பெல்ட்’ என்றே விடுகிறேன். செயினுக்கும் ‘ஒத்தியங்கு சங்கிலி’ என்று சீராக அமைகிறது. மூவர் இதற்கு இசைந்து தனிமடல் அனுப்பியிருக்கிறார்கள்.

———

ஐயா,

சங்கிலிக்கு உடன்படுகிறேன், பட்டைக்கு உடன்பாடில்லை. எச்சரிக்கைப் பெட்டியில் ஆங்கிலப் பெயரும் பாடத்தில் தமிழ்ப் பெயருமாக இருந்தால், மாணவன் எதைக் கற்பான்? இணைப்பிலுள்ள சொற்பட்டியலிலேனும் ‘வார்’ இடம்பெறட்டும்.