தீபாவளிக்குள் என் மேசையைக் காலி செய்யச் சொல்கிறார்கள்

காகிதக்காரி (செந்தூல், கோலாலம்பூர்):

வணக்கம். நான் கொலாஜ் செய்கிறவள், அதாவது காகிதத் துண்டுகளை ஒட்டிப் படம் ஆக்குகிறவள். மிட்டாய்ப் பெட்டி, ஊதுபத்தி அட்டை, துணிக்கடைப் பை, தேதி கிழித்த நாள்காட்டி, எல்லாவற்றுக்கும் மேலாக அப்பா விட்டுப்போன தமிழ் நேசன் பத்திரிகைக் கட்டுகள். மற்றவர்களுக்குச் சாயம் எப்படியோ, எனக்கு இவை அப்படி.

எங்கள் பிளாட் 700 சதுர அடி. நான், வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள், மாமியார். ஹாலில் இருக்கும் சாப்பாட்டு மேசைதான் என் பட்டறை. தீபாவளி நெருங்குகிறது. அவர் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, ஓராண்டாகத் தொடாத பொருள் வீட்டில் இருக்கக் கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறார். சனிக்கிழமை பேப்பர் லாமா (பழைய பேப்பர் எடுக்கிற) லோரி வரும், கட்டி வை என்கிறார். மேசையில் பாதி முடிந்த படம் ஒன்று கிடக்கிறது. இன்னும் ஒட்டவில்லை, துண்டுகளைப் பரப்பி வைத்திருக்கிறேன். எடுத்து அடுக்கினால் எது எதற்குப் பக்கத்தில் இருந்தது என்பதே போய்விடும்.

வீட்டையும் இந்த வேலையையும் சேர்த்து நடத்துகிறவர்கள் என்ன செய்கிறீர்கள்? 'பிடித்ததை மட்டும் வைத்துக்கொள்' என்று தயவுசெய்து சொல்ல வேண்டாம். எனக்கு எல்லாமே பிடிக்கும்.

ஜெலுத்தோங்காரன் (பினாங்கு):

சகோதரி, கோபித்துக்கொள்ளாதீர்கள், நான் உங்கள் வீட்டுக்காரர் பக்கம். நானும் வரைகிறவன்தான். ஞாயிறு காலையில் ஆர்மேனியன் ஸ்ட்ரீட், சூலியா ஸ்ட்ரீட் பக்கம் உட்கார்ந்து கடைவீடுகளை நீர்வண்ணத்தில் வரைவேன். 12 வண்ணம் உள்ள ஒரு டப்பா, மூன்று தூரிகை, ஒரு நோட்டு. எல்லாம் ஒரு தோள்பைக்குள் அடங்கிவிடும்.

நான் பார்த்தவரை, கலைஞர்கள் சேர்த்து வைப்பதில் பெரும்பகுதி வேலைக்கு உதவாது. 'ஒரு நாள் செய்வேன்' என்ற நினைப்புக்குத்தான் உதவும். மலிவாகக் கிடைத்தது என்று பத்து கேன்வாஸ் வாங்குவோம். வாங்கியதிலேயே வரைந்து முடித்த திருப்தி வந்துவிடும். அப்புறம் எங்கே வரைவது? காகிதம்தான் வேண்டுமென்றால் ஒரு காலை லோரோங் கூலிட் சந்தைக்கு வாருங்கள். பழைய பத்திரிகை, கடிதம், யார் வீட்டுக் கல்யாணப் படமோ கூடத் தரையில் விரித்துக் கிடக்கும். வேண்டியபோது போய் வாங்கலாம். வீட்டில் எதற்குக் குவிக்க வேண்டும்?

கரித்துண்டு (பிரிக்பீல்ட்ஸ்):

லோரோங் கூலிட்டில் தமிழ் நேசன் கட்டுக் கட்டாகவா விற்கிறார்கள்? 1924-ல் தொடங்கி 2019 ஜனவரியோடு நின்றுபோன பத்திரிகை அண்ணே. இருப்பதைப் பழைய பேப்பருக்குப் போட்டால் போனதுதான்.

தோள்பை ஓவியர்களுக்கு இது புரியாது. உங்கள் படத்துக்கு வேண்டிய பொருள் தெருவில் நிற்கிறது, அதைப் பராமரிப்பது வேறு யாரோ. அக்காவின் பொருளை அவர்தான் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

2013-ல் மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வு ஒன்று வந்தது. சிலரை ஒழுங்கான அறையிலும் சிலரைக் கலைந்து கிடக்கும் அறையிலும் உட்கார வைத்து, பிங்பாங் பந்துக்குப் புதுப் பயன்களை யோசிக்கச் சொன்னார்கள். இரண்டு பக்கமும் யோசனைகளின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் கலைந்த அறையில் வந்தவை கூடுதல் புதுமை என்று மதிப்பிடப்பட்டன. ஓவியர் பிரான்சிஸ் பேக்கனின் லண்டன் ஸ்டூடியோவைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள், கால் வைக்க இடம் இருக்காது. அவர் 1992-ல் இறந்த பிறகு டப்ளினில் உள்ள ஹியூ லேன் காட்சியகம் தொல்லியல் ஆட்களைக் கூட்டிவந்து, எது எங்கே கிடந்தது என்று வரைபடம் போட்டு, 7,000-க்கும் மேற்பட்ட பொருள்களை அப்படியே பெயர்த்துக்கொண்டு போனது. 2001-ல் அந்த அறை மக்கள் பார்வைக்குத் திறந்தது. நம் வீடுகளில் என்றால் சனிக்கிழமை லோரியில் ஏற்றியிருப்போம்.

ஜெலுத்தோங்காரன்:

தம்பி, அந்த ஆய்வின் மறுபாதியை விட்டுவிட்டீர்கள். ஒழுங்கான அறையில் இருந்தவர்கள் நன்கொடை அதிகம் கொடுத்தார்கள், சாக்லேட்டை விட்டு ஆப்பிளை எடுத்தார்கள். இன்னொன்று, கலைந்த அறையில் உட்கார்ந்தவர்கள் கொஞ்ச நேரத்தில் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். அங்கேயே சமைத்துச் சாப்பிட்டு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சட்டை தேடவில்லை.

பேக்கன் அங்கே தனியாக இருந்தார். செந்தூல் வீட்டில் ஐந்து பேர்.

ஓவியர் வீட்டுக்காரி (பாயான் லெப்பாஸ்):

இரண்டு பேரும் அறையைப் பற்றியே பேசுகிறீர்கள். அதைக் கூட்டுகிறவளைப் பற்றி யாரும் பேசவில்லை. என் வீட்டுக்காரர் எண்ணெய் வண்ண ஓவியர். சாயம் கரைக்கும் டர்பன்டைன் வாசத்தில்தான் சோறு தின்கிறேன்.

ஆய்வு என்றால் நானும் ஒன்று சொல்கிறேன். 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், லாஸ் ஏஞ்சலிஸில் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் குடும்பங்களைப் பார்த்தார்கள். அவரவர் வீட்டைச் சுற்றிக் காட்டச் சொல்லி, என்ன வார்த்தையில் பேசுகிறார்கள் என்று பதிவு செய்தார்கள். வீடு இறைந்து கிடக்கிறது, அது முடியவில்லை இது முடியவில்லை என்று பேசிய மனைவிகளுக்குக் கார்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோன், நாள் போகப் போக இறங்க வேண்டிய அளவுக்கு இறங்கவில்லை. கணவன்மார்களிடம் அப்படித் தெரியவில்லை. எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

அப்புறம், எண்ணெய் வண்ணக்காரர்கள் வீட்டில் இருக்கிறவர்களுக்கு ஒரு விஷயம். தூரிகை துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிவது வெறும் அசிங்கம் மட்டுமில்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது சூடு வரும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியே போக வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய், நெருப்பு வைக்காமலே பற்றிக்கொள்ளும். துணியைத் தண்ணீரில் நனைத்து மூடி போட்ட தகர டப்பாவில் போட வேண்டும், இல்லையென்றால் வெளியே ஒவ்வொன்றாக விரித்துக் காயப்போட வேண்டும். காட்மியம் என்ற நச்சு உலோகம் கலந்த சாயத்தைச் சோறு வடிக்கிற சிங்கில் கழுவக் கூடாது. இந்த இரண்டையும் நான் எங்கள் வீட்டில் சட்டமாக வைத்திருக்கிறேன். மற்றபடி அவர் அறைக்குள் நான் போவதே இல்லை.

கரித்துண்டு:

நெருப்பு விஷயத்தில் அக்கா சொல்வதற்கு மறுபேச்சு இல்லை. ஆனால் குடும்பத்தோடு இருந்தால் முடியாது என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். இத்தாலியில் மொராண்டி என்ற ஓவியர். போலோன்யா நகரில், கல்யாணமாகாத மூன்று சகோதரிகளோடு ஒரே வீட்டில் கடைசி வரை இருந்தார். படுக்கிற அறையே ஸ்டூடியோ. ஒற்றைக் கட்டில், சுற்றிலும் போத்தல்கள். அந்தப் போத்தல்களையே பல ஆண்டு திரும்பத் திரும்ப வரைந்தார். மேலே தூசி படிய விடுவார், அந்த மங்கல்தான் அவருக்கு வேண்டியது. துடைத்திருந்தால் அந்தப் படங்கள் இல்லை.

இன்னொன்று, 'மகிழ்ச்சி தருவதை மட்டும் வை' என்று உலகத்துக்கே சொல்லிக்கொடுத்த மரி கொண்டோ, மூன்றாவது பிள்ளை பிறந்த பிறகு வீட்டை ஒழுங்காக வைப்பதை ஓரளவு விட்டுவிட்டேன் என்று 2023-ல் சொல்லிவிட்டார். நாம் ஏன் இன்னும் பிடித்துத் தொங்குகிறோம்?

ஓவியர் வீட்டுக்காரி:

அந்த மூன்று சகோதரிகளுக்கும் போத்தலைத் தொடாமல் கூட்டத் தெரிந்திருக்கிறது. அவர்களும் ஏதாவது வரைய நினைத்தார்களா என்று யாராவது கேட்டார்களா தம்பி?

சட்டக்காரர் (பட்டர்வொர்த்):

நான் படங்களுக்குச் சட்டம் அடிக்கிறவன். இத்தனை பேர் பேசியும் காகிதத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று வந்தேன்.

தங்கச்சி, ஓராண்டு விதி நம் ஊருக்குப் பொருந்தாது. தொட்டோமா தொடவில்லையா என்பதை விட, அந்தப் பொருள் இன்னும் உருப்படியாக இருக்கிறதா என்று பாருங்கள். இங்கே காற்றில் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். 65, 70-ஐத் தாண்டினாலே பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். பத்திரிகைத் தாள் மரத்தை அப்படியே அரைத்துச் செய்தது, லிக்னின் என்ற பொருளை அதிலிருந்து நீக்குவதில்லை. வெளிச்சமும் காற்றும் பட்டால் பழுப்பேறும், உள்ளேயே அமிலம் ஊறி நொறுங்கும். கட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளினால் அது பத்திரமாக இருக்கிறது என்று நினைக்க வேண்டாம், மெல்லச் செத்துக்கொண்டிருக்கிறது. கரையானும் ராமபாணப் பூச்சியும் வேறு.

ஆகவே கட்டைப் பிரியுங்கள். பூஞ்சணம் பிடித்ததை யோசிக்காமல் வெளியே போடுங்கள், பக்கத்தில் உள்ளதையும் கெடுத்துவிடும். நல்லதை அமிலமில்லாத உறையில் போட்டு, இரும்பு அலமாரியில், மழைச் சாரல் அடிக்கிற சுவரை ஒட்டாமல், மட்டமாகப் படுக்க வையுங்கள். படத்தில் ஒட்ட, அமிலமில்லாத தாளில் பிக்மென்ட் மையால் நகல் எடுத்து ஒட்டினால் அசலை விட நீண்ட நாள் நிற்கும்.

ஜெலுத்தோங்காரர் பெருமைப்படுவதற்கும் ஒன்று இருக்கிறது. நல்ல நீர்வண்ணத் தாள் பலவற்றின் மேல் ஜெலட்டின் பூச்சு இருக்கும். ஈரத்தில் அது கெட்டுப்போனால் சாயம் மேலே நிற்காது, உள்ளே இழுத்துவிடும். அதனால் தாளை அவ்வப்போது வாங்குவதுதான் சரி. எண்ணெய் வண்ணம் அப்படியல்ல. மூடி இறுக்கமாக இருந்தால் குழாய் பல ஆண்டு தாங்கும்.

காகிதக்காரி:

சட்டக்கார அண்ணனுக்கு நன்றி. கட்டைப் பிரித்தேன். அடியில் இருந்தவை போய்விட்டன, உண்மைதான். ஆனால் நகல் ஒட்டச் சொல்வது எனக்கு ஒத்துவராது. அந்தத் தாளின் பழுப்பு, மடிப்புக் கோடு, அப்பா பேனாவால் சுழித்த திருமண விளம்பரம், இதெல்லாம் சேர்ந்ததுதான் படம். படமும் என்னோடு சேர்ந்து வயதாகட்டும். அதை வாங்குகிறவர்களிடம் சொல்லித்தான் விற்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. எங்கள் ஸ்டோர் ரூமில் அவருடைய தூண்டில்கள், காலியான கம்ப்யூட்டர் பெட்டிகள், துணி காயப்போட மட்டும் பயன்படும் உடற்பயிற்சி மிஷின். ஓராண்டுச் சட்டம் அந்தக் கதவுக்குள் நுழையவில்லை. கேட்டால், 'அது ஒரு நாள் தேவைப்படும்' என்கிறார். என் படம் விற்ற காசில்தான் வாஷிங் மெஷின் வந்தது. ஆனாலும் என் மேசையில் இருப்பது குப்பை, அவர் ஸ்டோரில் இருப்பது சாமான்.

ஜெலுத்தோங்காரன்:

அது நியாயமில்லைதான். சட்டம் போட்டால் இரண்டு பக்கமும் போட வேண்டும். ஆனால் அதனால் உங்கள் மேசை ஒழுங்காகிவிடாது சகோதரி. ஐந்து பேர் சாப்பிடுகிற மேசையில் பசையும் கத்திரியும் நிரந்தரமாக உட்கார முடியாது. பேசாமல் சின்ன இடமாக வெளியே ஒன்று எடுத்துவிடுங்களேன்? பினாங்கில் ஹின் பஸ் டிப்போ என்ற கலைக்கூடத்துப் பக்கம் எத்தனை பேர் அப்படி வேலை செய்கிறார்கள்.

ஓவியர் வீட்டுக்காரி:

அண்ணே, பேசுவது எளிது. ஜார்ஜ்டவுனில் 2000-ல் வாடகைக் கட்டுப்பாடு நீங்கியது, 2008-ல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது, வாடகை ஏறிவிட்டது. என் வீட்டுக்காரர் வேலை செய்த கடைவீட்டு மாடி இப்போது தங்கும் விடுதி. அதற்குப் பிறகுதான் டர்பன்டைன் எங்கள் வீட்டுக்குக் குடிவந்தது. தவிர, பெண் மாலை ஆறு மணிக்குமேல் 'ஸ்டூடியோவுக்குப் போகிறேன்' என்று கிளம்பினால் சோறு யார் வைப்பது? சாப்பாட்டு மேசையில் வேலை நடப்பதே அடுப்பில் ஒரு கண் இருப்பதால்தான்.

கரித்துண்டு:

அப்படியென்றால் அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் செய்ததைச் செய்யலாம். 1974-ல் அலுவலகம் மாற்றும்போது ஆரம்பித்தார். மேசைக்குப் பக்கத்தில் ஓர் அட்டைப் பெட்டி. கடிதம், ரசீது, பத்திரிகை, கைக்கு வந்ததெல்லாம் உள்ளே. நிறைந்ததும் ஒட்டித் தேதி எழுதிக் கிடங்குக்கு அனுப்பிவிடுவார். வகைபிரிப்பு கிடையாது, 'இது வேண்டுமா' என்ற கேள்வியும் கிடையாது. இப்போது பிட்ஸ்பர்க்கில் அவர் பெயரில் உள்ள அருங்காட்சியகத்தில் 610 இருக்கின்றன.

ஜெலுத்தோங்காரன்:

அவருக்குக் கிடங்கு இருந்தது. இவருக்கு இருப்பது தூண்டில் நிறைந்த ஸ்டோர் ரூம். 610 பெட்டியும் செந்தூல் பிளாட்டில் வைத்தால் மாமியாரை வராந்தாவில்தான் படுக்க வைக்க வேண்டும்.

சட்டக்காரர்:

பெரிய ஆட்களின் கதை போதும். தங்கச்சி கேட்டது மேசையைப் பற்றி. பலகைக் கடையில் மேசை அகலத்துக்கு மெல்லிய பிளைவுட் இரண்டு வெட்டச் சொல்லுங்கள். ஓரத்தில் விரல் உயரத்துக்கு மெல்லிய மரச்சட்டம் (ரீப்பர்) அடித்தால் துண்டுகள் நழுவாது. இனி மேசை மேல் நேராகப் பரப்ப வேண்டாம், பலகை மேல் பரப்புங்கள். சாப்பாட்டு நேரத்தில் மேலே ஒரு மெல்லிய துணி போர்த்தி, பலகையோடு தூக்கிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடலாம். எந்தத் துண்டும் இடம் மாறாது. இப்போது கிடப்பதை மட்டும் முதலில் நேர்மேலாகப் படம் எடுத்துக்கொண்டு, அப்புறம் வரிசையாகப் பலகைக்கு மாற்றுங்கள். ஜிக்சா புதிர் போடுகிற என் வாடிக்கையாளர் ஒருவருக்கும் இதையேதான் செய்து கொடுத்தேன்.

கரித்துண்டு:

இது நல்ல யோசனை. ஆனால் எழுதி வைக்கிறேன், வேலை கண்ணில் படாமல் போனால் மனதிலிருந்தும் போய்விடும். பலகையைக் கட்டிலுக்கடியில் தள்ளாதீர்கள் அக்கா. அலமாரி மேல், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வையுங்கள்.

ஜெலுத்தோங்காரன்:

மறுபடியும் தூசியா?

காகிதக்காரி:

பலகை சொல்லியாகிவிட்டது. லோரிக்கு ஒரு கட்டு போகும், பூஞ்சணம் பிடித்தது மட்டும். தூண்டில் பேச்சை நேற்று இரவு எடுத்தேன், அவர் பதில் சொல்லாமல் டிவி சத்தத்தைக் கூட்டினார். அது தனியாக நடக்கட்டும்.

அலமாரி மேல் வைக்க முடியாது, அங்கே விசிறி சுற்றுகிறது, எல்லாம் பறக்கும். கட்டிலுக்கடியில்தான் வைக்க வேண்டும். அங்கே மாமியாருடைய பித்தளைப் பாத்திரங்கள் இருக்கின்றன. எஸ்டேட்டில் இருந்த காலத்திலிருந்து சேர்த்தது, நான் வந்ததிலிருந்து ஒன்றைக்கூட எடுத்துச் சமைத்ததில்லை. அதை நகர்த்தச் சொல்லி யார் கேட்பது?

ஓவியர் வீட்டுக்காரி:

ஐயோ, பித்தளையா? பலகையை அதன் மேலேயே வைத்துக்கொள்ளுங்கள். உயரம் போதவில்லை என்றால் கட்டில் காலுக்குக் கட்டை கொடுங்கள். கேட்கவே கேட்காதீர்கள்.