ஈரக் காகிதம் போல நிறம் பரவும் ஓவிய மென்பொருள் எது?

வணக்கம். பொழுதுபோக்காகக் கதைகளுக்குப் படம் வரைகிறேன். இதுவரை காகிதமும் வாட்டர்கலரும்தான். இனி லேப்டாப்பில் பேனா டேப்லெட் வைத்து வரைய ஆசை.

எனக்கு முக்கியமானது, ஈரத்தில் நிறம் தானாகப் பரவி, காயும்போது ஓரம் அடர்ந்து நிற்பது. அந்த ஓரக்கோடு இல்லாவிட்டால் வாட்டர்கலர் மாதிரியே தெரியாது! ஓவிய மென்பொருள்களின் சோதனைப் பதிப்புகளில் ரெபெல்தான் (Rebelle) மனதுக்கு மிக நெருக்கம். கேன்வாஸைச் சாய்த்தால் வண்ணம் வழிந்தே ஓடுகிறது. அதன் ப்ரோ பதிப்பில் மஞ்சளும் நீலமும் கலந்தால் நிஜப் பச்சை கிடைக்கும். திரையின் சிவப்பு, பச்சை, நீல அளவுகளை வைத்துக் கலக்கும் வழக்கமான ஆர்ஜிபி கலவையில் அது சாம்பல் பக்கம் போய்விடும்.

கிரிட்டா இலவசம். வாட்டர்கலர் பிரஷ்களும் அழகு, ஆனால் நிறம் உண்மையில் ஓடாது, ஓடியது போன்ற தோற்றம்தான். ஆர்ட்ரேஜின் பலம் எண்ணெய் வண்ணம், அது எனக்கு அவ்வளவாகத் தேவையில்லை. அப்புறம் கோரல் பெயின்டர், 1991 முதல் இருப்பது, இன்னும் தொடவில்லை.

என் லேப்டாப்பில் ரேம் 8 ஜிபி, தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. அச்சுக்கு ஏ4 அளவில் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) வேண்டும். இந்த அளவில் ரெபெல் தாங்குமா? சிறிதாக வரைந்து கடைசியில் பெரிதாக்கினால் காகித இழை கெடுமா? பெயின்டரில் வாட்டர்கலர் வரைபவர்கள் இருந்தால் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். முடிந்தால் வரைந்த படத்தையும் போடுங்கள்.