புதுப்பிப்பு: ஆவாரம்பூ தேநீர் துவர்ப்பு சரியாகிவிட்டது

ஆவாரம்பூ தேநீர் நாக்கைப் பிடிக்கிற அளவுக்குத் துவர்க்கிறது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

வேலை செய்தது, "காம்பையும் மொட்டையும் கிள்ளி எறி, இதழை மட்டும் எடு" என்ற யோசனைதான். தோல் பதனிடப் பயன்பட்ட பட்டை இந்தச் செடியுடையது; துவர்ப்புக்குக் கேட்கவா வேண்டும்! கொதிக்கும் நேரத்தை மட்டும் குறைத்துப் பார்த்ததில் நிறம்தான் வெளுத்தது, துவர்ப்பு அப்படியே இருந்தது.

இப்போதைய அளவு: 200 மில்லி தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, காய்ந்த இதழ் ஒரு தேக்கரண்டி போட்டு 5 நிமிடம் மூடி வைக்க வேண்டும். வெளிர் மஞ்சளாக இறங்கும். வடிகட்டிய பிறகே கருப்பட்டி. ஒரு சிட்டிகை சுக்குத்தூள் பச்சை வாசனையை அடக்குகிறது. ஏலக்காய் சேர்த்தால் பூவின் மணமே தெரிவதில்லை, எனக்கு அது ஒத்துவரவில்லை.

எதிர்பாராதது ஒன்று. நிழலில் 4 நாள் உலர்த்திய பூவில் ஒரு டப்பா பூசணம் பிடித்துவிட்டது. அது காம்போடு அடைத்த டப்பா. இதழ் சருகாகிவிடும், ஆனால் அதன் அடியில் இருக்கும் பச்சைப் பகுதி உள்ளே ஈரமாகவே இருக்கும். விரலால் நசுக்கினால் நொறுங்க வேண்டும். வளைந்தால் இன்னும் ஒரு நாள் காயட்டும்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் குடியுங்கள். இதுவும் சர்க்கரையை இறக்கக்கூடியது.